அப்பா மலை சுற்ற ஒன்பது பெட்டிகள்

1

போன வருஷம் கோடையில், எங்கள் அலுவலகக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், என் அப்பாவைக் கொல்வதற்காக ஊருக்குப் போகிறேன் என்று அறிவித்தேன். ஃபின்லாந்து மொழியில் சந்திப்பதற்கும் கொல்வதற்கும் நடுவே ஒரு நெடில்தான் வித்தியாசம். குறிலையும் நெடிலையும் கத்திக் கத்திப் படித்த திருவண்ணாமலைக்காரி நான்; அவசரத்தில் நெடிலை விழுங்கிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் ஒரே முகத்தோடு இருப்பவர்கள். மேலாளர் மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, "அதற்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

அடுத்த இம்சை விடுப்புப் படிவம். காரணம் என்ற கட்டத்தில் அவர்களே சிலவற்றைக் கொடுத்திருந்தார்கள். குழந்தை பிறப்பு உண்டு, இறப்பு உண்டு, வீடு மாற்றுவதுகூட உண்டு. அப்பாவை மலை சுற்றவைப்பது என்று எதுவும் இல்லை. 'மற்றவை' என்பதைத் தொட்டேன். விளக்கு என்றது. விளக்கினேன். இடம் போதாது என்று பாதியில் நறுக்கிவிட்டது.

நறுக்கிய மீதியை உங்களுக்கு எழுதுகிறேன். இன்று ஆனிப் பௌர்ணமி, அது நடந்து ஒரு வருஷம் ஆகிறது.

2

நான் இருப்பது ஃபின்லாந்தில் தம்பெரே என்ற ஊர். குளிர்காலத்தில் இங்கே ஏரியே கல்லாகி, அதன்மேல் ஆட்கள் நடந்து போவார்கள். வீடுகளுக்குக் கதகதப்பு வருவது தெருவுக்கடியில் ஓடும் வெந்நீர்க் குழாய்களால். ஊருக்கே சேர்த்துக் காய்ச்சிய வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பம்புகளும் வால்வுகளும் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் கணினிகள் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. சிஸ்டம்ஸ் இன்ஜினியர் என்பார்கள். ஊரில் சொந்தக்காரர்கள், "கயலு கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணுது" என்பார்கள். இரண்டும் சரிதான்.

எனக்கு இந்த வேலைமேல் ஆசை என்று சொன்னால் போதாது, வெறி. குளிர் தொடங்குமுன் ஒரு நாள், பட்டப்பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியின் இணைப்பை நாங்களே பிடுங்குவோம். பக்கத்தில் இருப்பது எழுந்து பாரத்தைத் தோளில் வாங்கிக்கொள்கிறதா என்று பார்ப்போம். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கையில்தான் அந்த வயரைக் கொடுப்பேன். பிடுங்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். கெடாத பொருள் உலகத்தில் கிடையாது. கெட்டால் என்ன செய்வது என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

இந்தப் பைத்தியம் பிடித்தது எங்கள் செங்கம் ரோட்டில். கல்லூரியில் படிக்கும்போது சாயங்காலங்களில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கள் ஊருக்கு நீளநீளமாகக் கடிதம் தட்டுவார்கள். அனுப்பப்போகும் நேரம் பார்த்து கரண்ட் போகும். உலகமே மாயை என்று காலையெல்லாம் தியானம் செய்த ஒரு அம்மாள், போன கடிதத்துக்காகக் கீபோர்டின்மேல் தலையை வைத்து அழுதார். முதலாளி, "மலையப் பாத்து ஒரு கும்புடு போடுங்க மேடம்" என்று ஆறுதல் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. மூலையில் செத்துக்கிடந்த யு.பி.எஸ்ஸைப் பிரித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை. ஷாக் சொல்லித்தந்தது. ஒரு பழைய லாரி பேட்டரியைக் கொண்டுவந்து கோத்தேன். அடுத்த முறை கரண்ட் போனபோது தெருவே ஓவென்று கத்தியது, எங்கள் கடையில் மட்டும் தட்டும் சத்தம் நிற்கவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோதே என் பிழைப்பு என்னவென்று முடிவாகிவிட்டது.

3

அப்பா பெயர் ஏழுமலை. கண்டக்டர் ஏழுமலை என்றால்தான் தெரியும். கீழ்பென்னாத்தூர், செஞ்சி, திண்டிவனம் என்று அந்த ஒரே தடத்தில் காலம் முழுக்கப் போய்வந்தவர். பௌர்ணமி வந்தால் மட்டும் யார் காலையாவது பிடித்து டூட்டியை மாற்றிக்கொண்டு கிரிவலம் போய்விடுவார். பக்தி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. லிங்கங்களுக்கு நடந்தபடியே ஒரு கையைத் தூக்குவார், எதிரே வரும் பஸ் டிரைவருக்குத் தூக்குவதுபோல. "மாசம் பூரா பஸ்ஸு என்னத் தூக்கினு போவுது. ஒரு நாளு என் கால்ல நான் போறேன்" என்பார். கூட யாரும் வரக்கூடாது. வந்தால் வேகமாக நடந்து கழற்றிவிடுவார்.

சில வருஷமாக அவருக்கு மறதி. முதலில் பெயர்கள் போயின. பிறகு கிழமைகள். இப்போதைய நாளும் பழைய நாளும் அவருக்குள் கலந்துவிடும். கால்கள் மட்டும் அப்படியே இருந்தன.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆனிப் பௌர்ணமியன்று அவர் காணாமல் போனார். என் அண்ணன் செந்தில் துணைக்கு அனுப்பிய ஆளை வழக்கம்போலக் கூட்டத்தில் கழற்றிவிட்டார். லட்சக்கணக்கில் ஜனம் கூடும் நாள், எல்லோர் கையிலும் போன், ஒருவருக்கும் லைன் கிடைக்காது. நான் தம்பெரேயில் உட்கார்ந்துகொண்டு அண்ணன் எண்ணை விடாமல் அழுத்தினேன். ஒரு நகரத்தையே குளிரிலிருந்து காப்பாற்றுகிறவள் என்ற என் பெருமை அன்றைக்குக் காலணா பெறவில்லை. மறுநாள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவரோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் அடையாளம் கண்டு, இட்லி வாங்கிக் கொடுத்து, வீட்டுக்குப் போன் போட்டார்.

"இனிமே பௌர்ணமின்னா கேட்டப் பூட்டிடறேன்" என்றான் அண்ணன். "என்னால முடியல கயலு. ரூமெல்லாம் ஆளுங்க. இவரு பின்னாடி எவ்ளோ தூரம் ஓடறது? ஒருநாள் போல ஒருநாள் இருக்குமா?"

அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அப்பாவோடு இருப்பவன் அவன். வெளியூர்க்காரர்களுக்கு அறைகள் வாடகைக்கு விடுகிறான், பௌர்ணமியன்று ஒரு கட்டில்கூடக் காலியிருக்காது.

ஆனால் எங்கள் வீடு இருப்பது கிரிவலப் பாதையிலேயே. ஊரே அந்த வாசலைத் தாண்டித்தான் மலை சுற்றப் போகும். அடுத்த பௌர்ணமியன்று வீடியோவில் கூப்பிட்டேன். வெள்ளை வேட்டி கட்டி, நெற்றியில் விபூதி பூசி, பூட்டிய கேட்டின் கம்பியைப் பிடித்தபடி அப்பா நின்றுகொண்டிருந்தார். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தவில்லை, கேட்கவுமில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒரே ஒரு பௌர்ணமி குடுண்ணா" என்றேன். "அவர் தனியா போகட்டும். தொலைஞ்சு, நாம சீக்கிரம் கண்டுபிடிக்க முடியலன்னா, அப்புறம் நானே என் கையால பூட்டறேன்."

"தொலையாம பாத்துக்கறேன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

"அத யாராலயும் சொல்ல முடியாது. தொலைஞ்சா கண்டுபிடிப்பேன்னு சொல்றேன்."

"பெரிய வித்தியாசம்" என்று போனை வைத்துவிட்டான். அந்த வித்தியாசத்துக்குத்தான் எனக்கு இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன், லைன் போயிருந்தது.

4

யோசனை எளிமையானது. அப்பா உடம்பில் பட்டன் அளவுக்கு ஒரு வில்லை. அது 'நான் இங்கே, நான் இங்கே' என்று சன்னமாகச் சொல்லிக்கொண்டே இருக்கும். வழியெங்கும் மொட்டைமாடிகளில் சிறு ரேடியோப் பெட்டிகள். வில்லை பக்கத்தில் வந்தால் பெட்டி அதைக் கேட்கும், கேட்டதை அடுத்த பெட்டிக்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. சித்தாட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். போன் கம்பெனி தயவு வேண்டாம். நடுவில் மலை நிற்பதால் ரேடியோ நேராகப் போகாது. ஆனால் பாதை மலையைச் சுற்றி ஒரு வளையம், பெட்டிகளும் வளையம். ஒரு பக்கம் அறுந்தால் செய்தி மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். எங்கள் ஊர் மலையைப்போல வசதியான மலை எந்த இன்ஜினியருக்கும் வாய்க்காது.

குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் பற்றவைப்பு வேலை நடந்தது. என் மகள் நிலா எதிரே உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருப்பாள். பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் ஃபின்னிஷில் பதில் சொல்வாள். அவள் கனவில் பேசுவதும் அந்த மொழியில்தான், கதவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன். சண்டையெல்லாம் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்போல மரியாதையாக நடந்துகொள்வாள், எனக்கு அதுதான் வலித்தது. ஒரு நாள் நான் ஈயத்தை ஒழுகவிட்டு மேசையைப் பொசுக்கியதைப் பார்த்துவிட்டு, சூட்டுக்கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் கை என் கையைவிட நிதானம். பள்ளியில் மரவேலை, உலோகவேலை எல்லாம் கற்றுத்தருகிறார்கள், நல்ல பள்ளிக்கூடம்.

மூன்றாவது பெட்டி முடியும்போது தமிழில் கேட்டாள்: "இது நாய்க்கு மாட்டறது மாதிரிதானே? தாத்தாகிட்ட நீ கேட்டியா?"

நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் யோசித்தவள் அதை யோசிக்கவில்லை. அப்போதே கூப்பிட்டோம். வில்லையைக் கேமராவில் காட்டி, பாதி புரியும்படி விளக்கினேன். அப்பா நிலாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எங்க போறேன்னு ஊருக்கே தெரிஞ்சா தெரியட்டும்" என்றார். "கேட்டத் தொறந்தா போதும்."

அடுத்த கேள்வி, வில்லையை எங்கே மாட்டுவது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிடுவார். சட்டை போடமாட்டார், செருப்பும் கிடையாது. துண்டை யாருக்காவது விசிறக் கொடுத்துவிடுவார். கடைசியில் அரைஞாண் கயிறு நினைவுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து ஆண்பிள்ளை இடுப்பைவிட்டுப் போகாத பொருள் அது ஒன்றுதான். அரைஞாண் கயிறு என்றால் என்ன, எதற்கு என்று நிலாவுக்கு விளக்கியதோடு ஒப்பிட்டால் ரேடியோ விளக்கம் ஒன்றுமேயில்லை.

5

நிலாவுக்குக் கோடையில் ஐஸ்கிரீம் கடை வேலை கிடைத்துவிட்டது. இங்கே பிள்ளைகள் எல்லோரும் அப்படிச் சம்பாதிப்பார்கள். அதனால் நான் தனியாகத்தான் ஊருக்குப் போனேன். பெட்டிக்குள் வைக்கும் ரேடியோக்களை மட்டும் சென்னையில் வாங்கினேன், உரிமம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று நம் நாட்டில் விட்டிருக்கும் அலைவரிசை வேறு. ஒன்பது பெட்டிகள், ஒன்பது மாடிகள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். எதிர்ப்பு ஒன்றும் இல்லை. ஒருவர் மட்டும், "லிங்கம் எட்டுதானேம்மா, பொட்டி ஏன் ஒம்போது?" என்று சந்தேகம் கேட்டார். "ஒண்ணு ஸ்பேர்" என்றேன். ஒப்புக்கொண்டார்.

அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு நான் எதையும் விளக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரையும் பிரித்துப்போட்ட ஒரு பெட்டியையும் அவன் முன்னால் வைத்தேன்.

"இன்னா இது?"

"நீ மாட்டு."

"எனக்கு இன்னா தெரியும்?"

"தெரியாதுன்னுதான் குடுக்கறேன்."

திட்டிக்கொண்டே மாட்டினான். பேட்டரியைத் தலைகீழாக வைத்தான், கருகிய வாசனை வந்தது, அடுத்ததில் சரியாக வைத்தான். இரண்டு நாளில் திட்டு கம்மியாகிவிட்டது. மூன்றாம் நாள் ஆன்டெனாவை நிமிர்த்தி வைக்க வேண்டும் என்று எனக்கே சொன்னான். அப்பாவின் தொப்பை வில்லையை மறைக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவன்தான். கயிற்றில் வில்லையை இடுப்புப் பக்கமாக நகர்த்தினோம்.

பௌர்ணமிக்கு முன்னால் ஒத்திகை வைத்தேன். நான் வீட்டில் உட்கார்ந்துகொள்வேன், அவன் பைக்கில் போய் ஏதாவது ஒரு பெட்டியைப் பிடுங்குவான், எது என்று சொல்லமாட்டான். ஒவ்வொரு பெட்டியும் சற்றைக்கொரு தரம் 'உயிரோடு இருக்கிறேன்' என்று சொல்லும். எது சொல்லவில்லையோ அதுதான் செத்தது. பிறகு நான் பிடுங்கினேன், அவன் கண்டுபிடித்தான். ஜெயித்தபோதெல்லாம் சின்னப்பிள்ளைபோலத் தொடையைத் தட்டினான்.

எங்களுக்கு மிஞ்சிய ஒரே எதிரி குரங்கு. அடி அண்ணாமலையில் அன்னதானக் கூடம் நடத்தும் பூங்காவனம் அக்காவின் மாடியில் வைத்த பெட்டியைக் குரங்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் போட்டுவிட்டுப் போயிருந்தது.

"கொரங்கு கை வெக்காம பாத்துக்கோங்கக்கா" என்று கேட்டுக்கொண்டேன்.

"நீ கவலப்படாத கண்ணு. அத நான் பாத்துக்கறேன்" என்றார் அக்கா. சொன்னபடியே பார்த்துக்கொண்டார் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

6

பௌர்ணமியன்று வெயில் சாயத் தொடங்கும்போது கேட்டைத் திறந்தோம். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போய், கோபுர வாசலில் கற்பூரம் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு செங்கம் ரோட்டில் வந்தார். மாடியிலிருந்து அவர் தலையைப் பார்த்தோம். எங்கள் வீட்டைக் கடக்கும்போது ஒரு கையைத் தூக்கினார், லிங்கத்துக்குத் தூக்குவதுபோல. அண்ணன் பதிலுக்குக் கையைத் தூக்கிவிட்டு அசட்டுச் சிரிப்புச் சிரித்தான்.

பிறகு திரையில்தான் அவரைப் பார்க்க முடிந்தது. ஒவ்வொரு பெட்டியாக அவரைக் கேட்டது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்று வரும்போதும் எனக்கு நெஞ்சு விம்மியது. கீழே ரோட்டில் ஜனங்கள் போனைத் தலைக்குமேல் தூக்கி லைனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சின்ன ரேடியோக்கள் மலையைச் சுற்றிப் பேசிக்கொண்டிருந்தன. நாலாவது பெட்டியும் கேட்டது. அடுத்தது அடி அண்ணாமலை.

வரவில்லை.

காத்திருந்தோம். டீ குடிக்க நின்றிருப்பார் என்றேன். இன்னும் காத்திருந்தோம். கால் வலித்து உட்கார்ந்திருப்பார் என்றேன். ஒரு கிழவர் தவழ்ந்து போனால்கூட அந்த இடத்தைக் கடந்திருக்கும் நேரம் ஆகிவிட்டது. அங்கே ஒரு கிளைப்பாதை பிரிகிறது, அதில் போனால் பஸ் ரோடு. பஸ் ஏறிவிட்டார், மறுபடி திண்டிவனம்தான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது. நாளை காலை என் கையாலேயே பூட்டப்போகிறேன் என்று மனதுக்குள் தெளிவாகத் தோன்றியது.

"அவ்ளோதாண்ணா" என்றேன். "போய்ட்டாரு. நீ சொன்னதுதான் சரி."

அண்ணன் திரையின்மேல் குனிந்தான். "இரு இரு. அப்பா காணாம போனாரா, பொட்டி காணாம போச்சா?"

"என்ன?"

"அஞ்சாவது பொட்டி உயிரோட இருக்கேன்னு சொல்லி எவ்ளோ நேரமாச்சு பாரு."

பார்த்தேன். மதியத்திலிருந்தே அது வாயைத் திறக்கவில்லை. அப்பாவின் பெயரை மட்டுமே வெறித்துக்கொண்டிருந்த நான், அந்த வரியைப் பார்க்கவேயில்லை. வருஷக்கணக்காக மற்றவர்களுக்கு நான் படித்துப் படித்துச் சொன்ன முதல் பாடம் அது. செய்தி வரவில்லை என்றால் முதலில் செய்தி கொண்டுவருபவனைச் சந்தேகப்படு.

"ஆறாவது உயிரோட இருக்கு. அது அவர கேக்கல" என்றான். "அப்போ அவரு நாலுக்கும் ஆறுக்கும் நடுவுலதான் இருக்காரு. அஞ்சு இருந்திருந்தா சொல்லியிருக்கும். வா, போலாம்."

பஸ் ஏறியிருக்கலாமே என்று நான் இழுத்தேன். "மொதல்ல பொட்டியப் பாப்போம்" என்று பைக்கை உதைத்தான்.

கிரிவலப் பாதையில் வண்டி போக முடியாது. வயல் பக்கமாகச் சுற்றிப்போய், கரும்புத் தோட்டத்தோரம் வண்டியைச் சாத்திவிட்டு ஓடினோம். அடி அண்ணாமலையில் தோளோடு தோள் உரசும் கூட்டம். அன்னதானக் கூடத்து வரிசை ரோடுவரை நீண்டிருந்தது. நெருங்க நெருங்க ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன்.

"உள்ள போங்க, உள்ள போங்க! படியில நிக்காதீங்க! குழந்த வெச்சினிருக்கறவங்க முன்னாடி வாங்க! ரைட், போலாம்!"

வாசற்படியில் ஒரு காலை ஊன்றி, கதவு நிலையை ஒரு கையால் பிடித்துச் சற்றே சாய்ந்து நின்றார் அப்பா. ஓடும் பஸ்ஸில் நிற்பதுபோலவே நின்றார். ஜனங்கள் மறுபேச்சில்லாமல் அவர் சொன்னபடி நகர்ந்தார்கள். முறைத்த ஒரு தடியரைக்கூட, "சார், பின்னாடி வண்டி காலியா வருது, பொறுங்க" என்று அடக்கினார்.

பூங்காவனம் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார். "வா கண்ணு! ஒங்க அப்பா வந்தப்புறம்தான் க்யூவே நவுருது. நாங்க எவ்ளோ கத்தினாலும் எவனும் கேக்கல."

அண்ணன் இரண்டிரண்டு படியாக மாடிக்கு ஏறினான். மேலேயிருந்து அவன் சிரிப்பு கேட்டது. நானும் ஏறிப் பார்த்தேன். எங்கள் ஐந்தாவது பெட்டியின்மேல் பெரிய எவர்சில்வர் அண்டா ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அண்டாவின்மேல் அம்மிக்குழவி. அதற்குப் பொட்டும் வைத்திருந்தது.

"கொரங்கு இல்ல, கொரங்குக்கு அப்பன் வந்தாலும் எடுக்க முடியாது" என்று கீழேயிருந்து அக்கா பெருமையாகச் சொன்னார்.

எவர்சில்வரைத் துளைத்துக்கொண்டு ரேடியோ போகாது என்பதை நான் யாருக்குமே சொல்லவில்லை. அண்ணன் குழவியை இறக்கி, அண்டாவைத் தூக்கினான். சற்று நேரத்தில் பெட்டியின் சின்ன விளக்கு கண் சிமிட்டியது. நேர் கீழே வாசலில் நின்ற அப்பாவை அது கேட்டிருக்கும், கேட்டதைச் சொல்லியிருக்கும், அந்தச் சொல் மலையை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டில் ஆளில்லாத திரைக்குப் போயிருக்கும். நான் அந்த மாடியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அழுததில்லை.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்று கீழே போய்க் கூப்பிட்டேன்.

"டூட்டி முடியல. டிரிப்பு பாதியில நிக்குது" என்றார் அப்பா. பிறகு வெளியே திரண்ட கூட்டத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். என்ன நினைவு வந்ததோ, நிலையை விட்டுவிட்டு, கூட்டத்தில் இறங்கி மீதி வழியில் நடக்க ஆரம்பித்தார்.

நான் பின்னால் ஓடப்போனேன். அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"உடு, போவட்டும். மீதிப் பொட்டியெல்லாம் நல்லா இருக்கு" என்றான்.

அதுதான் அண்ணன் எனக்குக் கொடுத்த தீர்ப்பு. நாங்கள் வயல் பக்கமாகத் திரும்பி வந்து, மாடியில் உட்கார்ந்து பார்த்தோம். ஆறாவது பெட்டி, ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது. ஒன்றுவிடாமல் எல்லாம் கேட்டன. அப்பா தன் கால்களில் தானே நடந்து வீடு வந்து சேர்ந்தார். வந்ததும் தண்ணீர் கேட்டார்.

7

அதற்குப் பிறகு ஒரு பௌர்ணமிகூட அந்தக் கேட் பூட்டப்படவில்லை. பூங்காவனம் அக்கா தன் மாமியாருக்கு ஒரு வில்லை கேட்டார், பெண்களுக்கு வளையலில் கோத்துத் தருகிறோம். அக்கம்பக்கத்தில் மறதி வந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இப்போது தனியாக மலை சுற்றுகிறார்கள். பழுது வந்தால் அண்ணன் போகிறான். பெட்டி வைத்திருக்கும் மாடி வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கொரு ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து, "தெரியாதுன்னுதான் குடுக்கறேன்" என்று என் வசனத்தையே அவர்களிடம் பேசுகிறானாம்.

இன்று சாயங்காலம் தம்பெரேயில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். ஐஸ்கிரீம் கடை முடிந்து வந்த நிலா தட்டோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, ஊரிலிருந்து வரும் பெட்டிகளின் நிலவரத்தைத் திரையில் பார்த்தாள். திடீரென்று, "அம்மா, ஏழு செத்துப்போச்சு" என்றாள். தமிழில்தான் சொன்னாள். பார்த்தால் ஏழாவது பெட்டி பேசவில்லை. எழுந்து நின்று அண்ணன் எண்ணை அழுத்தினேன். பாதையில் லைன் கிடைக்காவிட்டாலும் வீட்டு பிராட்பேண்டில் கிடைக்கும்.

"நான்தான் புடுங்கச் சொன்னேன்" என்று சிரித்தான். "நீ எவ்ளோ நேரத்துல கூப்படறேன்னு பாக்கலாம்னு."

"பௌர்ணமியன்னிக்கா புடுங்குவ? அப்பா எங்க?"

"அவரு எட்டு தாண்டி, ஒம்போது தாண்டி, வந்து மோர் குடிச்சினிருக்காரு. இந்தா, பேசு."

திரையைப் பார்த்தேன். உண்மைதான். ஏழு இல்லாமலே, ஆறாவது பெட்டியின் செய்தியை வளையம் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. இப்படி ஒரு வேலையைச் செய்துவிட்டு வேறு எதற்குப் பெருமைப்படுவது?

"யாரு பேசறது?" என்றார் அப்பா. போன மாதம்வரை என் குரல் தெரிந்தது.

"கயல்ப்பா."

"எங்கருந்தும்மா பேசற?"

"ஃபின்லாந்துலருந்து."

"அவ்ளோ தூரத்துலருந்தா வந்த?" ஏதோ யோசித்தார். கூட்டத்தோடு வந்த யாரோ ஒரு பெண் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "நீயும் மல சுத்துனியா?"

"சுத்தினேன்ப்பா. உங்க பின்னாடியேதான் வந்தேன்."

"நான் பாக்கலியே."

"பரவால்லப்பா. நான் பாத்துகிட்டேதான் இருந்தேன்."

"அப்டியா. ரொம்ப நல்லதும்மா" என்றார். குரலில் அவ்வளவு திருப்தி. "நின்னுகிட்டே பேசாத, காலு வலிக்கும். ஒக்காந்து கால நீட்டு."

நான் நின்றுகொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபடி உட்கார்ந்து காலை நீட்டினேன்.